அனுமதிச் சீட்டின் விலையை யார் கொடுப்பது?

அயல்நாட்டுக்கு வேலைக்குப் போகிற ஒருவனுக்கு அந்நாட்டு சர்க்கார் வழங்கும் வேலை அனுமதியை, அவன் அடைந்த பாக்கியம் என்றும், அவன் செலவிட்ட பணத்துக்கும் அலைச்சலுக்கும் கிடைத்த பலன் என்றும் நம் மக்கள் பொதுவாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்தின் நோக்கில் விஷயம் வேறாக இருக்கிறது. சிங்கப்பூரை எடுத்துக்கொண்டாலும் சவூதியை எடுத்துக்கொண்டாலும், அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கிறவர் முதலாளி. அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தக் கடமைப்பட்டவர் முதலாளி. அதன் ஷரத்துகள் மீறப்பட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் முதலாளியே. தம் தொழிலுக்கு உள்நாட்டில் ஆள் போதவில்லை என்று சொல்லி, அந்நிய தேசத்திலிருந்து ஆள் தருவித்துக்கொள்வதற்காக அவர் கேட்டுப் பெறுகிற சலுகை அது. இந்த ஒரு விஷயம் நம் ஊர்களில் தெளிவாக விளங்கியிருந்தால், அந்தச் சீட்டுக்காகக் காணியை விற்றும் நகையை அடகு வைத்தும் லட்சக்கணக்கில் பணம் கொடுக்கும் வழக்கம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிராது என்பது என் திடமான அபிப்பிராயம்.

விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்று சொல்வது வழக்கம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெளிப்படும் களிமண் பக்கத்திலேயே கிடைத்த சௌகரியத்தை ஆதாரமாகக் கொண்டு இங்கே ஒரு பீங்கான் தொழிற்பேட்டை ஏற்பட்டது. ரயில் நிலையமோ, விழுப்புரம்–திருச்சி மார்க்கத்தில் கடலூருக்கும் சேலத்துக்கும் பாதை பிரிகிற சந்திப்பு. அகல் விளக்கு, கொலுப் பொம்மை, வீட்டு மின்பெட்டிகளில் செருகும் பியூஸ் கட்டை, கழிவறைக் கோப்பை என்று இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளிவந்த சாமான்கள் பல. இத்தொழிலைக் கற்றுக்கொடுப்பதற்கென்றே அரசினர் பயிலகம் ஒன்றும் இங்கே நடந்துவருகிறது. ஆனால் வீடுகளில் பியூஸ் கட்டை இருந்த இடத்தை எம்.சி.பி. விசை பிடித்துக்கொண்டது; பொம்மைக்கும் விளக்குக்கும் ஆண்டில் சில மாதங்களே கிராக்கி. ஆகவே, பீங்கான் தொழில்நுட்பம் கற்ற பிள்ளைகள் குஜராத்தின் மோர்பியையும் அமீரகத்து ராசல் கைமாவையும் ஆசையோடு நோக்குவதும், அந்தப் படிப்பில்லாத சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் சிங்கப்பூர்க் கட்டட வேலையையும் வளைகுடாவையும் நோக்குவதும் இயற்கையே. 2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, அயல்நாடுகளில் இருந்த தமிழ்நாட்டவரை ஏறத்தாழ 22 லட்சம் என்று மதிப்பிட்டது. அவர்கள் சென்ற தேசங்களில் சிங்கப்பூருக்கே முதலிடம்.

அந்தச் சிங்கப்பூரின் சட்டத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நலம். அங்கே அயல்நாட்டுத் தொழிலாளரை வேலைக்கு அமர்த்துவதற்கென்று 1990-ல் இயற்றப்பட்ட சட்டமும், அதன்கீழ் ஏற்பட்ட விதிகளும், முதலாளியின் தலைமேல் சுமத்தியிருக்கிற கடமைகளைப் படிக்கும்போது, இவ்வளவும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே அவர்கள் விமானம் ஏறுகிறார்களே என்ற வருத்தமே மேலிடுகிறது. மலேசியர் நீங்கலாக, பர்மிட் என்ற வேலை அனுமதியில் வரும் ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் முதலாளி 5,000 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, சர்க்காரிடம் பிணையப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மாதந்தோறும் லெவி என்ற தீர்வையைக் கட்ட வேண்டும். கட்டடத் துறையில் தேர்ச்சி குறைந்த தொழிலாளிக்கு அது 2024 முதல் மாதம் 900 வெள்ளி. அந்த லெவியைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது. ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். தங்குமிடமும் வைத்தியச் செலவும் அவருடைய பொறுப்பு. வேலை முடிந்து ஊர் திரும்பும் பிரயாணச் செலவும் அவருடையதே. வேலை கொடுத்ததற்குப் பிரதியாகத் தொழிலாளியிடமிருந்து முதலாளி பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தக்க காரணமின்றி ஒருவருடைய பாஸ்போர்ட்டை இன்னொருவர் வைத்துக்கொள்வதும் அங்கே குற்றம். செல்லுபடியான அனுமதி இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தாலோ, 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்த ஏற்பாடுகள் பூரணமானவை என்று நான் சொல்ல வரவில்லை. 2020-ல் கொள்ளைநோய் பரவியபோது அந்நாட்டுத் தொழிலாளர் விடுதிகள் பட்ட பாட்டை உலகமே பார்த்தது. ஆயினும், கடமை யாருடையது என்பதில் அந்தச் சட்டத்துக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் கடலுக்கு இந்தப் பக்கத்திலேதான் இருக்கிறது.

அனுமதியின் முதற்படியாக ஐ.பி.ஏ. என்று எல்லோரும் அழைக்கிற பூர்வாங்க அனுமதிக் கடிதம் ஒன்று வருகிறது. அது வெறும் பிரயாணச் சீட்டன்று. அடிப்படை மாதச் சம்பளம் எவ்வளவு, நிலையான படிகள் எவ்வளவு, சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு என்று முதலாளி அந்நாட்டு மனிதவள அமைச்சிடம் உறுதி கூறிய தொகைகள் அதில் தனித்தனியே அச்சாகியிருக்கும். தொழிலாளியின் எழுத்துமூலமான சம்மதமும் அமைச்சுக்கு அறிவிப்பும் இல்லாமல் அந்தத் தொகையை முதலாளி குறைக்க முடியாது. அதுமட்டுமன்று, தொழிலாளி தன் ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே, அவனுடைய தாய்மொழியில், நம்மவர்க்குத் தமிழிலேயே, அக்கடிதத்தின் பிரதி அவன் கைக்குச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி.

இவ்வூருக்கு அடுத்த கிராமத்து இளைஞர் ஒருவர், சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் சிங்கப்பூர்க் கட்டட வேலைக்கான டெஸ்ட் அடித்து, தேறி, ஐ.பி.ஏ. வந்துவிட்டது என்ற சந்தோஷத்தோடு அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்ததில் மடிப்புகள் நைந்துபோயிருந்தன. அது ஆங்கிலப் பிரதி. தமிழில் ஒரு பிரதி உண்டே, அது எங்கே தம்பி என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதாக ஏஜெண்டு சொல்லவே இல்லையே ஐயா என்றார். சம்பளம் குறித்திருந்த வரியைச் சுட்டிக்காட்டிப் படித்துக் காட்டியபோது அவர் முகம் மாறிற்று. அவருக்கு வாய்ச்சொல்லாக உறுதி கூறப்பட்டிருந்த தொகை, ஓ.டி. என்ற மிகைநேர வேலை எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று ஏஜெண்டாகவே கற்பனை செய்து கூட்டிச் சொன்ன தொகை. பிடித்தம் என்ற வரியை அவர் அதுவரை கவனித்ததே இல்லை. இதற்குள் அவருடைய தகப்பனார் முந்திரித் தோப்பை ஒத்திக்கு வைத்துப் பணத்தைக் கொடுத்தாகிவிட்டது. ரசீது கேட்டதற்கு, இதற்கெல்லாம் ரசீது தருகிற வழக்கமில்லை என்று பதில் வந்ததாம். அந்தப் பிள்ளை போய்த்தான் ஆக வேண்டியிருந்தது; போயும் விட்டார். அவரைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை, தடுத்திருந்தாலும் ஒத்திப் பணத்துக்கு நான் பதில் சொல்லியிருக்க முடியாது.

நோய் இங்கேதான் இருக்கிறது. நம் தேசத்துச் சட்டப்படி, பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒருவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியுமே. சிங்கப்பூர் முகவரோ, ஒப்பந்தத்தின் ஒவ்வோராண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், எப்படியும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இவ்விரண்டையும் கூட்டினாலும், நம் கிராமங்களில் கைமாறுகிற தொகைக்கு அருகில் வராது. மிச்சமெல்லாம் எங்கே போகிறது என்றால், பதிவில்லாத உள்ளூர்த் தரகர், அவருக்கு மேலே ஒருவர், பயிற்சி நிலையத்தோடு உறவுள்ளவர் ஒருவர், அக்கரையில் ஒருவர் என்று படிப்படியாகப் பங்காகிறது. சில சமயங்களில் அதன் ஒரு பகுதி, வேலை கொடுத்த கம்பெனியிலேயே ஒருவருடைய கைக்குத் திரும்பவும் வந்து சேருகிறது.

இதன் விளைவு வெறும் பண நஷ்டம் மாத்திரமாக இருந்தால் இவ்வளவு மனம் நோக வேண்டியதில்லை. கடனோடு போகிறவனுக்குச் சட்டம் கொடுத்த உரிமைகள் எல்லாம் பெயரளவில் நின்றுவிடுகின்றன. சிங்கப்பூரில் கட்டடத் துறைத் தொழிலாளி ஒருவன், பர்மிட் முடிவதற்கு 40 நாளுக்கும் 21 நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாற விண்ணப்பம் செய்துகொள்ளலாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கிற ஒருவன், இடையில் வேலையில்லாத நாட்கள் வந்துவிடுமோ என்று அஞ்சி, அந்தக் காலத்தைப் பேசாமல் கடந்துபோக விடுகிறான். சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டால் முறையிடுவதற்கு இடம் உண்டு. முறையிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவனை வாய் திறக்கவொட்டாமல் செய்கிறது. கையில் அடிபட்டவன் காயத்தை மறைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறான். ஆக, அனுமதியின் விலையைத் தொழிலாளி கொடுத்துவிட்டால், அந்த அனுமதியோடு முதலாளி ஏற்றுக்கொண்ட கடமைகளைக் கேட்டு வாங்கும் திராணியையும் அவன் சேர்த்தே கொடுத்துவிடுகிறான். சூளைக்குள் வைத்த பிறகு மண்ணின் வடிவத்தைத் திருத்த முடியாது என்பது இவ்வூரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். இந்த விஷயத்திலும் திருத்தம் செய்யக்கூடிய காலம் விமானம் ஏறுவதற்கு முந்தியதே.

தமிழருக்கு இது புதிய அனுபவமும் அன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் துண்டு என்று ஒரு முறை இருந்தது. ஒரு கங்காணியின்கீழ் இருந்த ஆட்களின் பேரில் உள்ள கடனை இன்னொரு தோட்டத்தார் தீர்த்தால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு சீட்டே அது. அந்தச் சீட்டைக் கொண்டு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்போதெல்லாம் கடன் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. கடன் யார் பெயரால் வாங்கப்பட்டதோ அந்தக் கூலிக்கு அதன் கணக்கே தெரியாது. 1921-ல் சட்டத்தின் மூலம் துண்டு ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டில், 1922-ல், இந்திய சர்க்கார் குடியேற்றச் சட்டம் ஒன்றை இயற்றி, கண்டியிலும் கோலாலம்பூரிலும் தம் ஏஜெண்டுகளை நியமித்து, தொழிலாளரின் நிலையைக் கவனிக்கச் செய்தது. மலாயாவில் கூலி குறைக்கப்பட்டது குறித்து எழுந்த தகராறின் முடிவில், 1938-ல், அங்கே உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் பிரயாணத்தை இந்திய சர்க்கார் அடியோடு தடுத்துவிட்டது. அடிமைப்பட்டிருந்த ஒரு தேசத்தின் சர்க்கார் அந்தக் காலத்தில் இவ்வளவு செய்ய முடிந்தது என்பது நினைவில் வைக்கத் தக்கது.

அதைக் காட்டிலும் முக்கியமான ஒரு முன்னுதாரணம் உண்டு. 1907-ல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒரு நிதி சட்டப்படி ஏற்பட்டது. இந்தியத் தொழிலாளரை வைத்து வேலை வாங்கிய தோட்ட முதலாளிகள் எல்லோரும், தாமே ஆள் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், தம்மிடம் நடந்த வேலையின் கணக்குப்படி அந்த நிதிக்கு வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறுகிறவர்களின் பிரயாணச் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. தோட்டங்களுக்கு ஆள் தட்டில்லாமல் கிடைக்க வேண்டும் என்ற முதலாளிகளின் சுயநலமே அந்த நிதிக்குக் காரணம் என்பதையும், போய்ச் சேர்ந்த இடத்தில் கூலியும் குடியிருப்பும் கேவலமாக இருந்தன என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும் பிரயாணத்தின் விலையை வேலை வாங்குகிறவரே கொடுக்க வேண்டும் என்ற தத்துவம் நூற்றுப் பத்தாண்டுகளுக்கு முன்பே சட்டத்தில் இடம் பெற்றுவிட்டது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கூலிக்குக் கிடைத்த அந்தச் சிறு நியாயம், இன்று திருச்சியிலும் சென்னையிலும் விமானம் ஏறுகிற அவனுடைய கொள்ளுப்பேரனுக்குக் கிடைக்கவில்லை.

சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1997-ல் நிறைவேற்றிய 181-ஆம் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளியிடம் கட்டணமோ செலவோ வாங்கக் கூடாது என்றே பொது விதியாகச் சொல்கிறது. இந்தியா அதை ஏற்றுக் கையொப்பமிடவில்லை. நமக்கு இருப்பது 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். பதிவில்லாமல் ஆள் சேர்க்கிறவனுக்கு 2 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் என்று அச்சட்டம் சொல்லுகிறது. 2,000 ரூபாய்! ஓர் இளைஞனிடம் வாங்கிய பணத்தில் ஒரு மாத வட்டிக்குக்கூட அந்த அபராதம் சமானமாகாத தரகர்கள் உண்டு.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. விருத்தாசலம் போன்ற ஊர்களுக்கு அதுவே முக்கியம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்று குறிக்கப்படுகிறது. அவர்கள் 18 தேசங்களுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அப்போது வேலை ஒப்பந்தம் பார்க்கப்படுகிறது. அயல்நாட்டு முதலாளியின் பதிவு பார்க்கப்படுகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற 10 லட்சம் ரூபாய்க் காப்பீடும் கட்டாயமாகிறது. இரண்டாண்டுக்கு 275 ரூபாய் பிரீமியம். ஆனால் அந்த 18 தேசங்களில் மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கோ பொதுவாக எந்தத் தேசத்துக்கும் இந்த அனுமதி வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் படித்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்று கருதினார்கள் போலும். இன்று நம் ஊர்ப் பிள்ளைகளில் பத்தாம் வகுப்புத் தேறாதவர் மிகச் சிலரே. பீங்கான் பயிலகத்தில் பட்டயம் பெற்றவனும், ஐ.டி.ஐ. படித்த வெல்டரும், பட்டதாரியும்கூடப் பர்மிட்டில் போய்க் கம்பி கட்டுகிறார்கள். அவர்களில் ஒருவருடைய ஒப்பந்தத்தையும் இங்குள்ள எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. படிப்பு அவர்களுக்குக் கொடுத்த சலுகை, யாரும் கேட்பாரில்லாமல் போகலாம் என்பதே.

வளைகுடாவில் நிலைமை இன்னும் கடுமையானது. அங்கே கபீல் என்ற பொறுப்பாளியோடு தொழிலாளியின் வசிப்புரிமை, அதாவது இக்காமா, பிணைக்கப்பட்டிருந்தது. கபீல் விட்டுக்கொடுத்தாலன்றி வேறிடம் போக முடியாதிருந்தது. ஓடிவிட்டான் என்று அவர் எழுதிக் கொடுத்தால், ஹுரூப் என்ற அந்த ஒரு சொல்லால் தொழிலாளி குற்றவாளியாகிவிடுவான். இலங்கையில் 1921-ல் ஒழிந்த துண்டு வேறு பெயரில் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தது என்றே சொல்ல வேண்டும். 2020-ல் கத்தாரும், 2021-ல் சவூதி அரேபியாவும், பழைய முதலாளியின் சம்மதக் கடிதமின்றி வேலை மாறுவதற்கு வழி செய்து சட்டங்களைத் திருத்தின. அமீரகத்தில் சம்பளத்தை வங்கி மூலமே கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2009-லேயே வந்தது. இவை நல்ல திருத்தங்கள். அவற்றின் பலன், கடனில்லாமல் போனவனுக்கே முழுமையாகக் கிட்டும்.

2024 ஜூன் 12-ஆம் தேதி விடியற்காலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்தது. ஏறத்தாழ 50 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அந்த எழுவரில் நம் கடலூர் மாவட்டத்துக்காரரும் உண்டு. கீழ்த்தளத்தில் மூண்ட தீயின் புகை மேலே பரவி, உறக்கத்தில் இருந்தவர்களை மூச்சடைக்கச் செய்தது. இரண்டு நாள் கழித்து விமானப்படையின் விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. தங்குமிடம் கொடுப்பது முதலாளியின் கடமை என்று எழுதிவைத்தால் போதாது, அந்தத் தங்குமிடத்தில் எத்தனை பேர், எத்தனை வாசல், தடுப்புகள் எதனால் ஆனவை என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்பதை அந்தத் தீ உலகத்துக்குக் காட்டிற்று. நம் தூதரகங்கள் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்க ஒப்புதல் கொடுக்கும்போது, குடியிருப்பையும் பார்வையிட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன அதிகப்பிரசங்கித்தனம் இருக்கிறது?

அயல்நாட்டு முதலாளிகளை இவ்வாறு கேட்கிற நாம், நம் முதலாளிகளையும் அதே கேள்வியைக் கேட்க வேண்டியவர்களாகிறோம். அந்நிய தேசத்தவரை வேலைக்கு வைப்பதற்கு இந்தியாவில் உள்ள விதிகள் கடுமையானவைதாம். வேலை விசா பெறுவதற்குச் சில விலக்குகள் நீங்கலாக ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் முதல் புதிய குடிவரவு, அயல்நாட்டவர் சட்டமும் அமலுக்கு வந்திருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் அயலார் என்று மக்கள் நினைப்பது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற தொழிலாளிகளை. அவர்கள் இத்தேசத்துப் பிரஜைகள். எந்த அனுமதியும் வேண்டாதவர்கள். அவர்களுக்கென்று 1979-ல் ஏற்பட்ட சட்டம், ஒப்பந்தக்காரருக்கு உரிமம், தொழிலாளிக்குக் கணக்குப் புத்தகம், இடம்பெயர்வுப் படி, பிரயாணப் படி, தங்குமிடம், வைத்தியம் என்று எல்லாவற்றையும் வேலை கொடுப்பவர்மேல் சுமத்தியது. அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்த வடநாட்டுத் தொழிலாளி ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தபோது அந்தச் சட்டம் மறைந்தது. ஐந்து தொழிலாளர் இருந்தால் போதும் என்றிருந்த எல்லை பத்தாக உயர்ந்தது. இடம்பெயர்வுப் படி எடுபட்டது. சிங்கப்பூரில் நம் பிள்ளைக்கு மூன்றடுக்குக் கட்டிலாவது உண்டா என்று விசாரிக்கிற தகப்பனார், தம் ஊரில் எழும்புகிற கட்டடத்தின் தகரக் கொட்டகையில் படுத்திருக்கிறவனைப் பற்றியும் விசாரிப்பது தர்மம். அப்படி விசாரிக்கிற தேசத்தின் சொல்லுக்கே வெளிநாட்டில் மதிப்பு உண்டாகும்.

1983-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவருவதற்கென்று வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் ஒரு மசோதாவின் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. இந்தச் சந்தர்ப்பத்தைத் தமிழ்நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்கள் நழுவவிடலாகாது. ஆள்சேர்ப்புக் கட்டணம் முழுவதையும் அயல்நாட்டு முதலாளியே செலுத்த வேண்டும் என்ற ஷரத்தைச் சட்டத்தில் சேர்க்க அவர்கள் வாதாட வேண்டும். படிப்பையும் தேசத்தையும் கொண்டு பேதம் செய்யாமல், உடலுழைப்பு வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தப் பரிசீலனையும் காப்பீடும் கட்டாயமாக வேண்டும். வெளிநாட்டு முதலாளிகள் இதனால் நம்மை விட்டு வேறு தேசத்து ஆட்களைத் தேடிப் போய்விடுவார்கள் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். மாதம் 900 வெள்ளி லெவி கட்டித் தமிழனை வைத்துக்கொள்ளுகிற முதலாளி, ஒரு தடவை கொடுக்க வேண்டிய ஆள்சேர்ப்புச் செலவுக்காக அவனை விட்டுவிடுவார் என்று நான் நம்பவில்லை. போட்டி போடுகிற வேறு தேசங்களும் சேர்ந்து இந்நிபந்தனையை வைக்கும்படி செய்வது டில்லியின் ராஜதந்திரத்துக்கு உரிய வேலை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத காரியம் ஒன்றை மாநில சர்க்கார் உடனே செய்யலாம். 1978-லேயே அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென்று ஒரு நிறுவனம் கண்ட மாநிலம் இது. அயலகத் தமிழர் நலத்துக்குத் தனி ஆணையரகமும் வாரியமும் இங்கே உண்டு. அவற்றின் அலுவலகங்கள் சென்னையில் இருக்கின்றன. பணம் கைமாறுவதோ விருத்தாசலத்திலும் திட்டக்குடியிலும் காட்டுமன்னார்கோவிலிலும். தாலுகா அலுவலகத்தில் வாரத்தில் ஒரு நாள் ஓர் எழுத்தர் உட்கார்ந்து, கொண்டுவருகிறவர்களின் ஐ.பி.ஏ. கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் வாங்கிப் பார்த்து, முகவரின் பதிவு எண் உண்மையானதா என்று சொல்லி, சம்பளமும் பிடித்தமும் எவ்வளவு என்று தமிழில் விளக்கினால், அதற்கு ஆகிற செலவு மிகச் சொற்பம். பீங்கான் பயிலகத்தின் கடைசி ஆண்டு மாணவர்களுக்கும் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் இவ்விஷயத்தை ஒரு நாள் பாடமாகவே சொல்லிக்கொடுக்கலாம்.

பிள்ளையை அனுப்பப் போகிற பெற்றோருக்கு நான் சொல்லிக்கொள்வது இது. பணத்தைப் பற்றிய பேச்சு தொடங்குமுன், முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அது இருக்கிறதா என்று, படித்த பிள்ளை ஒருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரானால், ஐ.பி.ஏ. கடிதத்தின் தமிழ்ப் பிரதியைக் கையில் வாங்கி, சம்பளம், படி, பிடித்தம் என்ற மூன்று வரிகளையும் நீங்களே படியுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். 275 ரூபாய்க் காப்பீட்டை, உங்கள் பிள்ளைக்குக் கட்டாயமில்லை என்று யார் சொன்னாலும், எடுத்துவிடுங்கள். பதிவு எண்ணையோ தமிழ்ப் பிரதியையோ ரசீதையோ தர முடியாது என்று சொல்கிறவரிடமிருந்து பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.